பிடி உப்பு

நெய்தல் நிலத்தின் கதை: அத்தியாயம் 17

மரக்காணம் உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும். அதனால் கிழக்கே கடல் கறுத்துக் கிடக்கும்போதே ஆட்கள் வரப்பில் இறங்கிவிடுகிறார்கள். நீளக் கழியின் முனையில் அடித்திருக்கும் பலகையை நீருக்குள் தள்ளி இழுத்தால், அடியில் உறைந்த உப்பு சரசரவென்று உடைந்து திரண்டு வரப்போரம் வந்து சேர்கிறது. மழைக்காலம் முடிந்ததும் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தி அது. ஏற்றிய நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டிச் சுண்டி, கடைசிப் பாத்திக்கு வரும்போது தொட்டால் எண்ணெய் போல விரலில் ஒட்டும். அந்தப் பதத்தில்தான் உப்பு பூக்கும்.

ஒரு சித்திரை மாதத்தில் அங்கே போயிருந்தேன். கூடை சுமந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி, குவியலிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். ஆசையாகக் கையை மூடினேன்.

"இறுக்கிப் பிடிக்காத தம்பி, கை கிழிஞ்சிரும். புது உப்புக்கு முனை இருக்கும்" என்றார்.

"உங்களுக்கு வலிக்காதா, ஆயா?"

"எனக்கு மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தார்.

கையைத் திறந்து பார்த்தேன். பரல்கள் அழுந்திய இடமெல்லாம் சிவந்திருந்தது. விரலிடுக்கில் உப்புநீர் வழிந்தது.

இதே அளவு உப்பு, ஒரு பிடி, 1930-ல் இந்தியக் கடற்கரையில் குற்றமாக இருந்தது. அதைக் கையில் மூடி வைத்திருந்தவர்களின் விரல்களைப் பிரிக்கப் போலீஸ்காரர்கள் போராடினார்கள். பூமியில் கால்பங்கை ஆண்ட ஓர் அரசு, ஒரு பிடி உப்பை ஏன் விட மறுத்தது? மக்கள் எழுந்து நிற்கும்போது, போகவேண்டிய காலம் வந்துவிட்டது என்று ஊரே சொல்லும்போது, அடக்கியாள்பவர்கள் மட்டும் ஏன் நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள்? இந்த அத்தியாயத்தின் கேள்வி அதுதான். அதற்கு விடை தேட நம் கடற்கரையைவிட நல்ல இடம் இல்லை.

விளைந்ததை அழித்த சட்டம்

சென்ற அத்தியாயத்தில் 1805-ஐப் பார்த்தோம். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை ஆனது. விளைவிப்பவர் உப்பைக் கம்பெனிக்குத்தான் கொடுக்கவேண்டும். கம்பெனி வைத்த விலைக்குத்தான் மக்கள் வாங்கவேண்டும். மரக்காணத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில், பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி இருந்தது. அங்கே மலிவாக உப்பு விளைந்தால் இங்கே தனியுரிமை ஓட்டைப் பானை ஆகிவிடும். அதனால் 1815-லும் 1818-லும் ஒப்பந்தங்கள் போட்டு, ஆண்டுதோறும் பணம் கொடுத்து, பிரெஞ்சுப் பகுதியின் உப்பு விளைச்சலையும் ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். இன்னொருவர் நிலத்து உப்பை விளையாமல் தடுக்கக்கூட அவர்கள் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1889-ல் வந்த சென்னை உப்புச் சட்டம் இந்தப் பிடியை முறைப்படுத்தியது. உரிமம் இல்லாமல் உப்பு எடுப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது எல்லாம் குற்றம். உப்பளத்தைச் சுற்றி வேலி, காவல், ரோந்து. பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை வந்தது; படகில் போகும் உப்புக்குக் கணக்கு இருந்தது.

இந்தச் சட்டத்தில் என் மனதை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. கழுவேலி போன்ற உவர்நிலங்களின் ஓரத்தில், கோடையில் நீர் வற்றும்போது, யாரும் பாத்தி கட்டாமலே உப்பு தானாகப் படியும். மழை எப்படி யாருடையதும் இல்லையோ, அப்படித்தான் அதுவும். அந்த உப்பை ஏழைகள் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக அதைச் சேற்றோடு கலந்து அழிக்க அரசு சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தது. தண்டியில் காந்தி வருவதற்கு முன்பும் அப்படித்தான் கடற்கரை உப்பைச் சேற்றில் கலக்கிவிட்டார்கள். வரி வாங்குவதற்காக உப்பை விற்பது புரிகிறது. ஒருவனுக்கும் கிடைக்கக்கூடாது என்று உப்பை மண்ணாக்குவதைப் பணக்கணக்கால் மட்டும் விளக்கமுடியாது.

பணமும் சிறிதல்ல. 1930-ல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி ஒன்றேகால் ரூபாய். விளைவிக்கும் செலவு சில அணாக்கள்தான். அரசின் வரி வருமானத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு உப்பிலிருந்து வந்தது. கூலிக்காரன் வீட்டுக் கஞ்சியிலும் வைஸ்ராய் வீட்டு விருந்திலும் உப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான் விழும். ஆகவே இந்த வரி, இல்லாதவன் மீதுதான் அதிகமாக அழுத்தியது. 1930 மார்ச் 2-ம் தேதி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி இதைத்தான் எடுத்து வைத்தார்: உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்; இந்தியனின் சராசரி வருமானம் நாளைக்கு இரண்டணாவுக்கும் குறைவு.

இந்த வரியை மக்களின் பிரதிநிதிகள் எதிர்க்காமல் இல்லை. 1923-ல் வரியை இரட்டிப்பாக்கி இரண்டரை ரூபாயாக்க அரசு முயன்றபோது மத்திய சட்டசபை அதை நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, சபையின் முடிவை ஒதுக்கிவிட்டு அதைச் சட்டமாக்கினார். மறு ஆண்டே வரியைக் குறைக்கவேண்டி வந்தது. ஆனால் நாடு ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்டது. சபை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, பேச்சு இருக்கிறது. பிடி மட்டும் வேறு கையில் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்துத் தெருவுக்கு வந்த மக்கள், சபை வழியாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

மரக்கிளையில் தொங்கிய சோறு

உப்பை வைத்துப் போராட்டம் என்றதும் இர்வின் கவலைப்படவில்லை. இதனால் தன் தூக்கம் கெடவில்லை என்ற பொருளில் 1930 பிப்ரவரியில் அவர் லண்டனுக்கு எழுதினார். மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து 78 பேருடன் புறப்பட்ட காந்தி, 24 நாட்களில் சுமார் 385 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 5-ல் தண்டி சேர்ந்தார். மறுநாள் காலை ஒரு பிடி உப்பு எடுத்தார். அதற்குள் உலகப் பத்திரிகைகளின் கண்கள் அந்தக் கடற்கரையில் இருந்தன.

நம் பக்கம் ராஜாஜி புறப்பட்டது ஏப்ரல் 13. தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாளும் அதுவே. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள், நாமக்கல் கவிஞர் இந்த நடைக்கென்றே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு, சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் இருந்த வேதாரண்யத்தை நோக்கி நடந்தார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே, இதே கடல், இதே உவர்மண். அங்கே அவ்வூரைச் சேர்ந்த வேதரத்தினம் பிள்ளை அவர்களுக்காகக் காத்திருந்தார்.

தஞ்சாவூர்க் கலெக்டர் ஜே.ஏ. தோர்ன் கெட்டிக்கார அதிகாரி. நடப்பவர்களை அடித்தால் அவர்கள் தியாகிகள் ஆகிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர்களை விட்டுவிட்டு ஊரைப் பயமுறுத்தினார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும், இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் பந்துலு அய்யர் அதைப் பொருட்படுத்தாமல் தன் வீட்டில் அவர்களை வரவேற்று விருந்து வைத்தார். சிறைக்கும் போனார்.

பிறகு நடந்ததைத்தான் காவிரிக் கரைக்காரர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போகும் வழியில் ஒருவரும் சோறு போடவில்லை. ஆனால் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் யார்? தெரியாது. யாரைக் கைது செய்வது? மரத்தையா? ஒரு கலெக்டரின் ஆணை, காலையில் எழுந்து சோறு வடித்த ஆயிரம் பெண்களின் கைகளில் தோற்றது. தோர்னும் அதைப் புரிந்துகொண்டார். மக்களிடம் அரசின் மீது பற்று என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற கருத்தைத் தன் மேலிடத்துக்கு எழுதினார்.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். நிலைமை கைமீறிவிட்டது என்று அந்த இடத்தில் இருக்கும் அதிகாரிக்கே தெரிகிறது. எழுத்திலும் வைக்கிறார். ஆனாலும் ஏப்ரல் 30-ம் தேதி அதே நிர்வாகம் ராஜாஜியை உப்பு அள்ளும்போது கைது செய்தது. ஆறு மாதக் கடுங்காவல் விதித்தது. அடுத்தடுத்து வந்த தொண்டர்களை அடித்தது. உப்பை மூடிப் பிடித்திருந்த கைகளைப் பிரிக்கப் பார்த்தது. சென்னை மாகாணத்தில் உப்புப் போராட்டத்துக்காகச் சிறை சென்ற முதல் பெண் ருக்மிணி லட்சுமிபதி. அவர் கைதானதும் வேதாரண்யத்தில்தான். மே 5-ல் காந்தி கைதானார். மே 21-ல் குஜராத்தின் தராசனா உப்புக் கிடங்கில், கையைக்கூட உயர்த்தாமல் வரிசை வரிசையாக முன்னேறியவர்களின் மண்டைகள் பிளந்தன. அமெரிக்க நிருபர் வெப் மில்லர் எழுதிய செய்தி உலகெங்கும் போனது. உப்புப் போராட்டத்தில் நாடெங்கும் சிறை சென்றவர்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல்.

தெரிந்தும் ஏன்?

பிடியை விடாத நான்கு காரணங்கள்

முதல் காரணம், விட்டால் எங்கே நிற்கும் என்ற பயம். உப்புச் சட்டம் ஒன்றும் ஆட்சியின் உயிர்நாடி அல்ல; வரியை நீக்கியிருந்தால் கஜானா கொஞ்சம் இளைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் மக்கள் நடந்து வந்து கேட்டதால் உப்பை விட்டார்கள் என்றால், நாளை நிலவரி, நாளன்றைக்குக் கள்ளுக்கடை, அதற்கடுத்த நாள் கோட்டை. அரசு தானாக மனமிரங்கித் தருவது வேறு, மக்கள் நின்று வாங்குவது வேறு. முன்னது ஆட்சியாளனுக்குப் புகழ். பின்னது மக்களுக்குப் பாடம். அந்தப் பாடத்தை மக்கள் படித்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் ஒன்றேகால் ரூபாய் வரிக்கு அறுபதாயிரம் பேரைச் சிறையில் வைத்துச் சோறு போட்டார்கள்.

இரண்டாவது, ஏணியின் பொய். நாற்காலிக்கும் தெருவுக்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் தனக்கு மேலே இருப்பவருக்குப் பிடித்ததைச் சொல்லிப் பழகியது. ஊரில் நூறு பேர் கூடினால், அது மேலே போகும்போது "வெளியூர்க்காரர்கள் தூண்டிவிட்ட பத்துப் பேர்" ஆகிவிடும். தோர்னைப் போல ஒருவர் உண்மையை எழுதினாலும், அது கோப்பில் சேர்ந்துவிடுமே தவிர முடிவை மாற்றாது. நம் நாட்டிலேயே பின்னாளில் இதைப் பார்த்தோம். நெருக்கடி நிலையின்போது பத்திரிகைகள் தணிக்கையில் வாயடைத்துக் கிடந்தன. 1977-ல் தேர்தலை அறிவித்த இந்திரா காந்தி, வெல்வோம் என்று சொன்ன அறிக்கைகளை நம்பினார் என்று அக்காலத்தை எழுதிய பலர் சொல்கிறார்கள். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்லக்கூடிய வாய்களை அவரது ஆட்சியே முன்பு அடைத்துவிட்டிருந்தது. அடக்குமுறை மக்களின் வாயை மூடுவதற்கு முன்பே ஆள்பவரின் காதை மூடிவிடுகிறது.

மூன்றாவது, இறங்கிய மறுநாளைப் பற்றிய பயம். நாற்காலியில் இருக்கும்வரை சட்டம் அவர் கையில். இறங்கிவிட்டால் அவர் சட்டத்தின் கையில். இதை நம் பக்கத்துக் கடலில், 2022-ல், கண்ணால் கண்டோம். எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று நின்று நொந்த இலங்கை மக்கள் மார்ச் 31-ம் தேதி அதிபர் கோட்டாபய ராஜபக்சவின் மிரிஹான வீட்டை முற்றுகையிட்டார்கள். ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். மே 9-ல் அண்ணன் மகிந்த பிரதமர் பதவியிலிருந்து விலகினார். கோட்டாபய விலகவில்லை. தோற்றுப்போன அதிபராகப் போகமாட்டேன் என்று ஜூன் மாதத்தில்கூடச் சொன்னார். ஜூலை 9-ல் மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜூலை 13-ல் இராணுவ விமானத்தில் மாலத்தீவு, அங்கிருந்து சிங்கப்பூர், ஜூலை 14-ல் அங்கிருந்துதான் ராஜினாமாக் கடிதம் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நாட்டைவிட்டு வெளியேறுகிறார், பிறகுதான் பதவியை விடுகிறார். பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்குத் தொடரமுடியாது என்ற அரசியல் சட்டக் காப்பு, பதவியோடு போய்விடும். நாற்காலி அவருக்கு அப்போது அதிகாரம் அல்ல, கவசம். கவசத்தைப் போர்க்களத்தில் யார் கழற்றுவார்?

நான்காவது, தானே கட்டிய கதையைத் தானே நம்புவது. நாங்கள் போனால் இந்துவும் முஸ்லிமும் வெட்டிக்கொண்டு சாவார்கள், நாடு சிதறும், நாகரிகம் அழியும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் மனதார நம்பினார்கள். சுமார் ஆயிரம் ஐ.சி.எஸ். அதிகாரிகள் 35 கோடி மக்களைத் தாங்கிப் பிடித்திருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. உண்மையில் அந்த ஆயிரம் பேரைத்தான் 35 கோடி மக்கள் தாங்கிக்கொண்டிருந்தார்கள். கிராமத்துக் கர்ணம் கணக்கு எழுதினார். தலையாரி காவல் காத்தார். கான்ஸ்டபிள் தடியைப் பிடித்தார். உப்பளத் தொழிலாளி வாரினார். சமையல்காரர் சோறு ஆக்கினார். அதிகாரம் என்று நாம் சொல்வது இந்தக் கைகளின் கூட்டுத்தொகை.

இந்த நான்கு காரணங்களுக்கும் வேர் இந்தக் கடைசி உண்மையில்தான் இருக்கிறது. அதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர்கள் ஆள்பவர்கள்தான்.

ஒரு கத்தியும் ஒரு துப்பாக்கியும்

வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி இருந்தார். போலீஸ்காரர்களுக்கு முகம் மழிப்பதில்லை, துணி வெளுப்பதில்லை என்று ஊர்த் தொழிலாளர்கள் முடிவெடுத்திருந்த நேரம். சாதாரண உடையில் வந்த ஒருவருக்கு வைரப்பன் சவரம் செய்யத் தொடங்கினார். பாதி முகம் ஆனபிறகுதான் அவர் கான்ஸ்டபிள் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாதி மழித்த முகத்தோடு அந்த ஆள் மேலதிகாரியிடம் ஓட, வைரப்பனை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மீதியை மழித்துவிட்டால் விட்டுவிடுகிறேன் என்றாராம் நீதிபதி. சவரப் பெட்டியை நீட்டி, வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றாராம் வைரப்பன். ஆறு மாதச் சிறை. அவருக்கு அந்த ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

சிலர் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது 1930-ன் மிகக் கனமான நிகழ்ச்சிகளில் ஒன்று. ஊரில் கடைசிப் படியில் உட்காரவைக்கப்பட்ட ஒரு மனிதர், தன் கையிலிருக்கும் ஒரே கருவியை அரசுக்குத் தரமாட்டேன் என்று சொன்னார். பேரரசு ஒரு கன்னத்தோடு நின்றது.

அதே ஏப்ரலில், நாட்டின் மறுகோடியில், பெஷாவரில், இதுவே பெரிய அளவில் நடந்தது. ஏப்ரல் 23-ம் தேதி கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் ஆயுதமில்லாத கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். அந்தக் கொந்தளிப்பில், கார்வால் ரைஃபிள்ஸ் படையின் இரண்டு பிரிவுகள் நிராயுதபாணிகளைச் சுடமாட்டோம் என்று மறுத்துவிட்டன. முன்னால் நின்றவர் சந்திர சிங் கார்வாலி. இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கூட இருந்தவர்களுக்கு நீண்ட சிறை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. அரசின் உப்பைத் தின்றவன் அரசுக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்பதுதான் சிப்பாய்க்கும் போலீஸ்காரருக்கும் அன்று சொல்லிக்கொடுத்த அறம். செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் செத்த கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்து வளர்ந்த மண் இது; அந்தக் கடன் எவ்வளவு கனமானது என்று நமக்குத் தெரியும். 1930 அந்தப் பழமொழியைத் திருப்பிக் கேட்டது: உப்பிட்டவர் யார்? சர்க்கார் எங்கே உப்பிட்டது? மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் காலால் சேற்றை மிதித்து, கை கிழிந்து உப்பை விளைவித்தவர்கள் அல்லவா இட்டவர்கள்? அப்படியானால் சிப்பாயின் கடன் யாருக்கு?

கொடுத்ததும் கொடுக்காததும்

1931 மார்ச் 5-ல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓர் அரசு எதை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அது பேச்சுவார்த்தை மேசையில் எதை விடுகிறது, எதை விடுவதில்லை என்று பார்த்தால் போதும்.

உப்பில் கொஞ்சம் விட்டார்கள். உப்பு படியும் பகுதிகளை ஒட்டிய ஊர்மக்கள் வீட்டுத் தேவைக்கும், தங்கள் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. சட்டம் நீங்கவில்லை, வரி நீங்கவில்லை. ஆனால் அந்த ஒரு பிடி கிடைத்தது. வன்முறையில் ஈடுபடாத கைதிகளை விடுவிக்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் அவர்களிலும் ஒரு வகையினரை விடமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள்: ஆணைக்குக் கீழ்ப்படியாததற்காகத் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களும் போலீஸ்காரர்களும். ஒரு குண்டையும் சுடாத கார்வாலிக்கு மன்னிப்பு இல்லை. அவர் வெளியே வர 1941 ஆனது.

என் கேள்விக்கான விடை இந்த ஒரு விதியில் இருக்கிறது. ஆட்சி உப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கீழ்ப்படிதலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடற்கரை ஏழைக்கு ஒரு பிடி உப்பைக் கொடுத்துவிட்டு ஆளலாம். சுடு என்றால் சுடமாட்டேன் என்று சொல்லும் சிப்பாயை மன்னித்துவிட்டு ஆளமுடியாது.

வலிக்கும் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கார்வாலியின் விடுதலைக்காகக் காந்தியும் வற்புறுத்தவில்லை. ஆணையை மீறிய சிப்பாய் தன் உறுதிமொழியை மீறியவன். நாளை நான் ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்களைப் பயன்படுத்தவேண்டி வரும் என்ற பொருளில் பின்பு ஒரு பிரெஞ்சு நிருபரிடம் அவர் விளக்கம் சொன்னார். அகிம்சையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவரின் வாயிலிருந்து வந்ததால் இது என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. அவரை நான் குறைத்துப் பேசவில்லை. நாற்காலிக்கு என்று ஒரு பயம் இருக்கிறது, அது நாற்காலியை நெருங்கும் நல்லவரையும் தொட்டுவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

பிடி தளர்ந்த நாள்

ஒப்பந்தம் நீடிக்கவில்லை. 1932 ஜனவரி 4-ல் புதிய வைஸ்ராய் வில்லிங்டன் காந்தியை மீண்டும் சிறையில் வைத்தார். அவசரச் சட்டங்கள் மழைபோல் வந்தன. 1942-ல் வெள்ளையனே வெளியேறு என்றபோது இன்னும் பெரிய அடக்குமுறை. ஒவ்வொரு தடவையும் மக்கள் இன்னும் அதிகமாக எழுந்தார்கள். பிடி இன்னும் இறுகியது. அடிக்கச் சொன்னால் அடிக்க ஆள் இருந்தது. சுடச் சொன்னால் சுட ஆள் இருந்தது.

1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில், 'தல்வார்' என்ற கடற்படைத் தளத்தில், சாப்பாடு சரியில்லை என்று மாலுமிகள் தட்டைத் தள்ளினார்கள். நாட்கணக்கில் அது கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவி, 78 கப்பல்களையும் இருபதாயிரம் மாலுமிகளையும் எட்டியது. சோற்றில் தொடங்கிய மறுப்பு, கொடியை இறக்குவதில் போய் நின்றது. கிளர்ச்சி சில நாட்களில் அடங்கியது. ஆனால் பதினாறு ஆண்டுகளுக்கு முன் பெஷாவரில் இரண்டே பிரிவுகள் சொன்ன சொல்லை இப்போது ஒரு கடற்படையே சொல்லிவிட்டது. இரண்டாம் உலகப் போர் பிரிட்டனின் பையைக் காலி செய்திருந்தது. இனி கையும் இல்லை என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் போனார்கள்.

பிற நாடுகளிலும் இப்படித்தான். 1989 டிசம்பர் 21-ல் புகாரெஸ்ட் சதுக்கத்தில் கூட்டம் கூச்சலிட்டபோது ருமேனியாவின் சௌஷெஸ்கு மாடத்தில் நின்று சம்பள உயர்வு அறிவித்தார். மறுநாள் இராணுவம் கட்சி மாறியது; அவர் ஹெலிகாப்டரில் ஓடினார். 1979 பிப்ரவரி 11-ல் ஈரானில் இராணுவம் நடுநிலை என்று அறிவித்த அன்றே பழைய ஆட்சி முடிந்தது. எங்கும் கதை ஒன்றுதான். இவர்கள் யாரும் மனம் திருந்திப் பிடியை விடவில்லை. பிடித்துக்கொண்டிருந்த விரல்கள், அவர்களுடையவை என்று அவர்கள் நினைத்திருந்த விரல்கள், ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

1947 பிப்ரவரி 28-ல் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் வரவு செலவுத் திட்டத்தில் உப்பு வரி நீங்கியது. ஏப்ரல் 1 முதல் மரக்காணத்து உப்புக்கு அந்தச் சுமை இல்லை. ஆனால் 1930-ல் கூட்டங்களைத் தடுத்த 144-ம் பிரிவு நீங்கவில்லை. சுதந்திர இந்தியா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 163. எண் மாறியது, பிடி மாறவில்லை. உப்பை விட்டவர்கள் எதை விடவில்லை என்று மேலே பார்த்தோமே, அதைத்தான் நம்மவர்களும் கையில் வாங்கிக்கொண்டார்கள்.

மரக்காணத்திலிருந்து திரும்பும்போது அந்த மூதாட்டி கொடுத்த உப்பைத் தாளில் மடித்து எடுத்து வந்தேன். நாலைந்து நாளில் தாள் நனைந்து கிழிந்தது. அவரது கையோ நாற்பது ஆண்டுகளாக அந்த உப்பிலேயே கிடக்கிறது; இன்னும் அவர் நிற்கும் பாத்தி அவருடையது இல்லை.

*அடுத்த அத்தியாயம்: வரி போனது, வேலி போனதா? சுதந்திரத்துக்குப் பிறகு உப்பளம் யாருக்கு?*